துணி கட்டிய முட்டுகள்

திட்டமிடல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஆள் பங்கீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. ஒரு சனிக்கிழமை நான் அடுத்த வாரத்துக்கான ஆள் பட்டியலைப் போட்டேன். அதனால் ஒருவருக்குக் கால் போயிற்று. பட்டியல் போட்ட மூன்றாம் நாள், அதை மறைக்க இன்னொரு பட்டியல் போட்டேன். அந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி அந்த வாரத்துக்குப் பிறகு இத்தனை வருடம் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. கட்டுமானக் கம்பெனிகளில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் பூஜை அறை மாதிரி. அதற்குத் தனி அறை, தனி ஏ.சி., மூடி வைக்க உறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மேஸ்திரிகள் யாரும் வாசலைத் தாண்டியதே இல்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு அந்தச் சமயம் இரண்டு சைட். செங்கல்பட்டில் ஒரு கல்லூரிக் கட்டடம். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலைப் பார்த்தபடி ஒரு தங்கும் விடுதி. நடுவில் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரப் பயணம். நான் கடலோர சைட்டின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன்.

என்னை அங்கே உட்கார வைத்ததற்கு என் மூளை காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்பிள்ளை சாரத்தில் ஏறித் தவறி விழுந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. என் அப்பாவும் அம்மாவும் மதுராந்தகத்து ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மகள் குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படியிருக்க, வெயிலில் போய் நிற்க நான் எதற்கு ஆசைப்படப் போகிறேன்?

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் இரண்டு சைட்டுக்கும் இன்சார்ஜ். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்ட மற்ற இரண்டு பேர் தயங்கியபோது, "இந்தப் பொண்ணு கேள்வி கேக்குதுய்யா, இதுதான் வேணும்" என்று என்னைத் தேர்ந்தெடுத்தவர் அவர். வரைபடத்தை எப்படிப் படிப்பது, கத்துகிற கான்ட்ராக்டரிடம் குரலை உயர்த்தாமல் எப்படிப் பேசுவது, பத்துக் காரணம் சொல்பவனிடம் பதினோராவதை எப்படிக் கேட்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். எனக்குக் காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விடுவார். நல்லவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு சைட்டின் அட்டவணையையும் ஒரே கோப்பில் போட்டு, ஆட்களை இரண்டுக்கும் பொதுவாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. கொத்தனார் இத்தனை, கம்பி கட்டுபவர் இத்தனை, சென்டரிங் ஆள் பதினாலு என்று மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தேன். கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை அடித்து, அடியில் கம்பு நிறுத்தி முட்டுக் கொடுப்பதும், கான்கிரீட் இறுகியபின் அவற்றைப் பிரிப்பதும்தான் சென்டரிங் வேலை. ஒரு வாரத்தில் இருக்கிற ஆளைவிட அதிகமான வேலை விழுந்தால் திரையில் அந்த வாரம் சிவப்பாகிவிடும். சமன் செய்யச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், அவசரமில்லாத வேலைகளை முன்னும் பின்னும் தள்ளி மென்பொருள் சிவப்பைப் போக்கிவிடும். இன்று உங்கள் மடிக் கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் நடப்பது அன்று எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் டீயை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு கர்வம்.

அந்தச் சனிக்கிழமை சென்டரிங் ஆள் கணக்கு சிவப்பாக இருந்தது. செங்கல்பட்டில் புதிதாக ஒரு தளத்துக்குப் பலகை அடிக்க வேண்டும். கடலோரத்தில் முதல் மாடிக்கு அடியில் இருக்கிற பலகையையும் முட்டுகளையும் பிரிக்க வேண்டும். சமன் செய்ததும் செங்கல்பட்டுக்கு எட்டு ஆள், கடலோரத்துக்கு ஆறு ஆள் என்று வந்தது. எங்களிடம் இரண்டு சென்டரிங் செட் இருந்தன. கன்னியப்பன் மேஸ்திரியின் செட்டில் எட்டுப் பேர்; எல்லாரும் மதுராந்தகம் பக்கம். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து அந்த மாதம்தான் புதிதாக வந்திருந்த செட்டில் ஆறு பேர். எட்டுக்கு எட்டு, ஆறுக்கு ஆறு. கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பட்டியலில் கன்னியப்பன் செட்டுக்கு நேராகச் செங்கல்பட்டு என்றும், புது செட்டுக்கு நேராகக் கடலோரம் என்றும் போட்டு அச்செடுத்துக் கையெழுத்திட்டேன். இன்சார்ஜும் கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "கன்னியப்பா, திங்கக்கிழமையிலேர்ந்து செங்கல்பட்டு" என்று சொன்னார். மேஸ்திரி தலையாட்டியதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

கடலோரத்தில் இதுவரை முட்டுக் கொடுத்தவர் கன்னியப்பன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. சென்டரிங் ஆளுக்குச் சென்டரிங் வேலை தெரியாதா என்ன?

முதல் மாடியில் கடலைப் பார்த்து ஒரு நீண்ட பால்கனி இருந்தது. சுவரில் மட்டும் பிடிப்பு. முன் ஓரம் அந்தரத்தில் நிற்கும். அதற்கு நேர்மேலே இரண்டாவது மாடிப் பால்கனிக்குக் கான்கிரீட் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. மேலே இருக்கிற ஈரமான பாரமெல்லாம் முட்டு வழியாகக் கீழ்ப் பால்கனிக்கு இறங்கி, அதன் அடியில் இருக்கிற முட்டு வழியாகத் தரைக்குப் போகிறது. அதனால் கீழே பலகையைப் பிரித்தாலும் முன் ஓரத்துச் சவுக்கு முட்டுகளை மட்டும் தொடக்கூடாது. கன்னியப்பனுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வரிசை முட்டுகளில் ஒவ்வொன்றிலும் பழைய லுங்கியைக் கிழித்து ஒரு துண்டு கட்டி வைத்திருந்தார். அவர் செட்டில் துணி கட்டிய முட்டு என்றால் தொடாதே என்று அர்த்தம். பிரிக்கும் வேலையைத் திரும்பி வந்து நாம்தானே செய்யப்போகிறோம் என்று நம்பி அவர் செங்கல்பட்டு வண்டியில் ஏறியிருக்கிறார். மென்பொருள் அந்த வேலையை முன்னுக்கு இழுத்துவிட்டது அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் நாஸ்தா முடித்து வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மணல் லாரி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் கூப்பிடுகிற குரல். வாசலில் செருப்பை மாட்டவும் தோன்றாமல் வெறுங்காலோடு ஓடினேன். பால்கனியின் முன் ஓரம் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் புது செட்டைச் சேர்ந்த ஏழுமலை கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கான்கிரீட்டுக்குள் இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி அவரை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அவர் கத்தவில்லை. "தண்ணி குடுங்க" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அவரை வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இன்சார்ஜ் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டார்.

"முன்னாடி இருந்த முட்டுங்களை எவன்யா எடுக்கச் சொன்னது?"

"துணி கட்னத்தான் சார் மொதல்ல எடுத்தோம்" என்றார் அவர்களில் ஒருவர். "இஞ்சினீயர் பாத்து எடுக்கலாம்னு சொன்ன முட்டுலதான் சார் எங்க பக்கம் துணி கட்டுவாங்க. இங்கியும் அப்டிதான்னு நெனச்சிக்கினோம்."

அப்போதுதான் எனக்குக் கால் சுட்டது. வெறுங்காலோடு நிற்கிறேன் என்பதே அதுவரை உறைக்கவில்லை.

உங்களில் சிலர் இந்த இடத்தில் பாதுகாப்பு விதிகளைப் பற்றி யோசிப்பீர்கள். மேற்பார்வையாளர் எங்கே, எழுத்துப்பூர்வமான அனுமதி எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் உங்கள் பிரிவின் ஆள், என் பங்கை மட்டும் சொல்கிறேன். பதினாலு பேரை ஒரே பெயரில் ஒரே வரியில் ஏற்றியவள் நான். ஒரு செட்டின் துணியும் இன்னொரு செட்டின் துணியும் நேர் எதிர் என்று சைட்டுக்குப் போய் ஒரு நாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இருபது அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை.

அன்று பிற்பகல் இன்சார்ஜ் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். ஷூவைக் கழற்றவில்லை. மூன்று வருடத்தில் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே பேசினார்.

"சனிக்கிழமை லிஸ்ட்டைத் திறம்மா."

திறந்தேன்.

"ரெண்டு வரியை மாத்திப் போடு. கன்னியப்பன் செட் கடலோரம். புது செட் செங்கல்பட்டு."

எனக்குப் புரியச் சில விநாடி ஆயிற்று. முட்டுக் கொடுத்தவரையே பிரிக்கவும் போட்டிருந்தோம், அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சைட்டுக்குப் போய்விட்டார், அந்த இடைவெளியில் செங்கல்பட்டு போகவேண்டிய புது ஆட்கள் இங்கேயே நின்று இஷ்டத்துக்குக் கைவைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். கம்பெனி போலீசுக்குக் கொடுக்கப்போகும் புகாரில் கன்னியப்பன் பெயர் வரும்.

"சார், அவர்கிட்ட நீங்கதானே செங்கல்பட்டுன்னு சொன்னீங்க."

"அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனுக்கு நூறு இடத்துல வேலை கிடைக்கும்மா. இந்த லிஸ்ட்ல ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு என்னுது, ஒண்ணு உன்னுது. எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. உங்க வீட்டுல உன்னை விட்டா யாரு இருக்கா?"

அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். எனக்காகவும் சேர்த்துப் பயந்தார். அந்தப் பயம் என்னைத் தொற்றிக்கொண்டது. இரண்டு வரியை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் எங்கும் சிவப்பு வரவில்லை. புதுப் பட்டியலை அச்செடுத்துப் பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பழையதை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு அவ்வளவுதான் நேரம் ஆகிறது.

புதன்கிழமை காலை கன்னியப்பன் மேஸ்திரி செங்கல்பட்டிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, சட்டைக் காலருக்குள் எப்போதும் ஒரு துண்டு. உடைந்த பால்கனியைப் பார்த்துவிட்டு நேராக ஆபீஸ் வாசலுக்கு வந்தார். இன்சார்ஜ் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"நீ ஏன்யா செங்கல்பட்டுக்குப் போனே? உன்னை இங்கதானே போட்டிருந்தது?"

"இல்லியே சார். நீங்கதான் செங்கல்பட்டுன்னு சொன்னதா ஞாபகம்."

"இந்தா பாரு. சனிக்கிழமை போட்ட லிஸ்ட்."

மேஸ்திரிக்குப் படிக்க வராது. தாளை இரண்டு கையாலும் வாங்கினார். "இதுல எம்பேரு எங்க கீது சார்?" என்று கேட்டார். இன்சார்ஜ் விரல் வைத்துக் காட்டினார். மேஸ்திரி அந்த இடத்தைத் தன் விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருல அடிச்சதா சார்?"

"ஆமா."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப சரியாத்தான் இருக்கும். நான்தான் மாத்தி நெனச்சிக்கினு வண்டி ஏறிட்டேன் போல."

அவர் சண்டை போட்டிருக்கலாம். நீதான் சொன்னாய் என்று இன்சார்ஜின் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதற்குத்தான் நாங்கள் இருவரும் தயாராக இருந்தோம். தன் நினைவைவிட என் தாளை அவர் நம்புவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்தாளு எந்த வார்டு சார்?" என்று கேட்டுக்கொண்டு போனார். கதவைத் திறந்து நாலு அடி வைத்தால் அவரைப் பிடித்திருக்கலாம். ஏ.சி.யின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், இன்சூரன்ஸ் பாரத்துக்கு விவரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏழுமலையின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம், தரையில், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க மேடம். உங்களுக்கும் என்னால பேஜாரு."

நான் இன்சூரன்ஸ் பாரத்தை விரித்தேன். ஏழுமலையின் மனைவியிடம் வயது, ஊர், பிள்ளைகள் என்று கேட்டு எழுதினேன். கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகிறது ஒன்று. எழுதி முடித்ததும் அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னார்: "இவுருதாம்மா அந்த மேஸ்திரி. என் தப்பாலதான் இப்டி ஆயிடுச்சுன்னு மொத நாளே வந்து சொல்லிட்டாரு. தெனம் கஞ்சி எடுத்தாந்து குடுக்குறாரு. எங்க ஊட்டுக்காரரு மூஞ்ச குடுத்துப் பேச மாட்டேன்றாரு, அந்தக் கஞ்சியையும் வாங்க மாட்டேன்றாரு. செவுரு பக்கம் திரும்பினவருதான்."

மேஸ்திரி என்னை வழியனுப்ப வார்டு வாசல் வரை வந்தார். "முப்பது வருசமா இந்த வேல செய்யறேன் மேடம். என் கையால ஒருத்தனுக்கு ஒரு கீறல் வுழுந்ததில்ல. ஒருநாளு வண்டி மாறி ஏறி ஒருத்தன் கால எடுத்துட்டேன். வூட்டுல போயி படுத்தா அந்தாளு மூஞ்சிதான் வருது" என்றார். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவரை பழி என்றால் புகாரில் பெயர் வருவது, வேலை போவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று இன்சார்ஜ் சொன்னதை அதனால்தான் என்னால் விழுங்க முடிந்தது. செய்யாத குற்றத்தைச் செய்ததாகவே ஒரு மனிதரை நம்ப வைத்துவிட்டேன் என்பது அந்த வார்டு வாசலில்தான் விளங்கியது. திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. உடம்பு முழுக்க, வெயில் பட்டதுபோல் எரிகிற வெட்கம்.

சனிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். இன்சார்ஜ் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு நடந்ததை, அதாவது நடந்ததாக நாங்கள் வைத்துக்கொண்டதை, சொல்லி முடித்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "லிஸ்ட் நீங்க போட்டதுதானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இது செவ்வாய்க்கிழமை மதியம் போட்டது சார். சனிக்கிழமை போட்டது இதுல இருக்கு" என்று கைப்பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கோப்பின் நகல் ஒன்றை அதில் எடுத்து வைப்பது என் வழக்கம். "கன்னியப்பனைச் செங்கல்பட்டுக்குப் போட்டது நான். அவர் வண்டி மாறி ஏறலை."

இன்சார்ஜ் என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன், அது இல்லை. "வாரா வாரம் காப்பி எடுத்து வைன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, நாலாக மடித்த பழைய பட்டியலை எடுத்து அவரே மேஜையில் வைத்தார். நாலு நாளாக அதைக் கிழித்துப் போடாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னது இதனால்தான்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகாரில் கன்னியப்பன் பெயர் வரவில்லை. இன்சார்ஜ் வேலையை விட்டுப் போனார். என்னைச் சில மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, வேறு சைட்டில் கீழ்ப் பொறுப்பில் போட்டார்கள். அதற்குப் பின் இந்த வேலையில் இருந்தவரை நான் ஒருபோதும் ஆட்களைத் தொழிலின் பெயரால் மட்டும் மென்பொருளில் ஏற்றியதில்லை. ஒவ்வொரு செட்டும் தனி வரி. யார் கட்டியதை யார் பிரிக்கிறார்கள் என்று இன்னொரு வரி. புதிதாக ஒரு செட் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போய், "உங்க பக்கம் துணி கட்டினா என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுத்தான் சமன் செய்வேன். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உங்களையும் சிரிப்பார்கள். கேட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. விசாரணை முடிந்ததும் பஸ் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூக்குச்சட்டியோடு கன்னியப்பன் அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வேப்ப மரத்தடியில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலை மாற்றியது நான் என்பதை முதலில் சொன்னேன்.

"நான் வண்டி மாறி ஏறலியா?" என்று கேட்டார்.

"இல்ல மேஸ்திரி."

"செங்கல்பட்டுதான் போட்டிருந்துதா?"

"ஆமா. உங்க ஞாபகம்தான் சரி."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டிமேல் கண்ணை வைத்துக்கொண்டு யோசித்தார். "நாலு நாளு" என்றார். பிறகு, "அந்தாளு பொண்டாட்டிகிட்ட என் தப்புன்னு நானே சொல்லிட்டனே மேடம். அத இப்ப நானே போயி இல்லன்னு சொன்னா தப்பிச்சிக்கப் பாக்குறான்னுதான நெனப்பாங்க? யாரு போயி சொல்றது?"

"நான் வரேன்" என்றேன்.

வார்டில் ஏழுமலை அப்படியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே நின்று, தாளைப் பார்க்காமல், வாயால் சொன்னேன். யாரை எங்கே போடுவது என்று முடிவு செய்தது நான், துணிக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதது நான், கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது, அதை மறைக்கப் பொய்ப் பட்டியல் போட்டதும் நான், மேஸ்திரிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. "தப்பு பண்ணாத மனுசனா நாலு நாளா கஞ்சி தூக்கியாந்தாரு?" என்று மட்டும் கேட்டார். மேஸ்திரி வாசற்படி அருகிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. ஏழுமலை கையை ஊன்றி, பாதிக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் திரும்பினார். நான் நடுவில் நின்றேன். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"மேஸ்திரி, கஞ்சி சூடா கீதா?"

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஏழுமலையின் மனைவிதான் எழுந்து போய் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து, ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "கீது" என்றார்.